சொல்வதை எழுதுபவர்

இழுத்துச் சாத்துகிற வகைக் கதவு. பள்ளிக்கூட வேன் என்பதால் ஒரு காலை நேரத்துக்குள்ளேயே எத்தனையோ முறை திறந்து மூடும். டிரைவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, பார்க்காமலே செய்வார். அன்றைக்கும் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஒரு சின்னப் பிள்ளை கீழே போட்டுவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தது அவருடைய சொந்த மகள். பிடித்திருந்தது வலது கை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மூன்று விரல்களில் எலும்பு நொறுங்கியிருக்கிறது, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறோம், கட்டுப் பிரித்த பிறகும் கொஞ்ச நாளைக்குப் பேனா என்ற பேச்சே வேண்டாம் என்றார். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் கேட்டாள்.

"பரிட்சை வருதே டாக்டர்?"

"கை மிஞ்சிச்சேன்னு சந்தோஷப்படுங்கம்மா," என்றார் டாக்டர்.

அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. பரிட்சையை வைத்துத்தான் அவளுடைய பிழைப்பே. தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் இல்லை. வீட்டு முன்னறையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அவளிடம் வந்த பிள்ளை பெயிலானது என்று ஒரு பேச்சு இதுவரை எழுந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: எழுத வைப்பது. பதிலைப் போர்டில் எழுதிப் போடுவாள். பிள்ளைகள் பார்த்து எழுதும், பார்க்காமல் எழுதும், மறுபடி எழுதும். "மூளை மறந்தாலும் கை மறக்கக் கூடாது," என்பாள். கேள்வியைப் படித்த மாத்திரத்தில் கை தானாக ஓட வேண்டும். அப்படி ஓடிய கைகளிலேயே வேகமான கை அவள் மகளுடையது. அது இப்போது வெள்ளைக் கட்டுக்குள் முடங்கிக் கிடந்தது.

பள்ளித் தலைமையாசிரியை நல்லவர். உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடலாம். 'சொல்வதை எழுதுபவர்' என்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். தனி அறை கொடுப்பார்கள், நேரமும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள்.

"ஆனா எழுதுறது ஒரு வகுப்பு கீழ படிக்கிற பிள்ளையாத்தான் இருக்கணும். இவ வாயால சொல்லணும், அந்தப் பிள்ளை காதுல கேட்டதை எழுதணும். தானா ஒரு எழுத்து சேத்து எழுதினாலும் தப்பு. பிள்ளையை நீங்களே பாத்துக் கூட்டிட்டு வந்துருங்க."

அது என்ன பெரிய விஷயம் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள். அவளிடமே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். அதில் முதலாவதாக வரும் பெண்ணின் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ போட்டுக் கொடுத்தார். "உங்களுக்கு இல்லாததா டீச்சர்," என்றார். டீ குடித்து முடிகிற வரைக்கும் நல்ல பேச்சுதான். டம்ளரைக் கீழே வைத்ததும், "ஆனா பாருங்க, இவளுக்கே அந்த மாசம் பரிட்சை. நீங்களே சொல்லுங்க," என்றார். டீச்சர் என்ன சொல்வாள்? அடுத்த வீட்டில், "எங்க பொண்ணுக்குக் கையெழுத்து சரியில்லையே," என்றார்கள். அந்தக் கையெழுத்தைப் பாராட்டிப் போன மாதம்தான் அவளே ஒரு பேனா பரிசு கொடுத்திருந்தாள். மூன்றாவது வீட்டில் அவள் அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

படி ஏறி, படி இறங்கி, ஒரு வாரம் போயிற்று. கடைசியில் வந்தது சுண்டு.

சுண்டுவிரல் அளவுக்கு இருக்கிறாள் என்று யாரோ வைத்த பெயர். அவளுடைய அம்மா பேக்கரி ஒன்றில் ரொட்டி அடுக்கிக் கட்டுகிற வேலை பார்த்தார். ஒன்பதாம் வகுப்பில் படித்தாலும் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்க சுண்டுவுக்கு வராது. டியூஷனில் வாசல் பக்கம், செருப்புகளை ஒட்டி உட்காருவாள். போர்டில் இருப்பதைப் படம் வரைவது போல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இறக்கிக்கொண்டு போவாள். தொந்தரவு கிடையாது, முன்னேற்றமும் கிடையாது. டீச்சரும் அவளை அப்படியே விட்டிருந்தாள்.

"டீச்சர், நான் வரவா?"

"எங்க?"

"அக்காவுக்கு எழுத."

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உனக்கு எதுக்கு சுண்டு இந்த வேலை?"

"அந்தப் பெரிய பரிட்சை ரூம் எப்படி இருக்கும்னு பாக்கணும் டீச்சர். அடுத்த வருஷம் நானும் போகணும்ல? நினைச்சாலே பயமா இருக்கு. ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துட்டா பழகிடும்."

பெயர் பதியக் கடைசி நாள் மறுநாள். வேறு ஒரு பிள்ளை இல்லை. டீச்சர் சுண்டுவின் பெயரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பழகத் தொடங்கிய முதல் நாள் மகள் கண்ணை மூடிக்கொண்டு சமூக அறிவியல் பாடத்தைச் சொன்னாள். சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை வாங்கிப் பார்த்த டீச்சருக்குத் தலை சுற்றியது. நாட்டில் முதல் கழகம் தொடங்கியது என்று மகள் சொன்னதை, முதல் கலகம் தொடங்கியது என்று எழுதியிருந்தாள். பள்ளிகள் திறக்கப்பட்டன என்று வந்த இடத்தில் எல்லாம் பல்லிகள் திறக்கப்பட்டிருந்தன. அறிவியல் அதைவிட மோசம். ஒளியின் வேகத்தை ஒலிக்குக் கொடுத்து, ஒலியின் வேகத்தை ஒழித்தே விட்டிருந்தாள்.

"அம்மா, இவ எழுதுறது என்னோட மார்க்கு," என்றாள் மகள். "பல்லியும் கலகமும் என் பேர்ல போகும்."

"நீ நிறுத்தி நிதானமாச் சொல்லு பாப்பா."

அங்கேதான் இன்னொரு இடி காத்திருந்தது. மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் வரி கிளிப்பிள்ளை மாதிரி வரும். இரண்டாவது வரிக்கு விரல் பேனாவைத் தேடும். கட்டுக்குள் விரல்கள் அசையப் பார்த்து வலியெடுத்ததும் அவளுக்கு வரி விட்டுப் போய்விடும். "அதாவது... அதுக்கு அப்புறம்... அம்மா, அந்தப் பத்தி எப்படி ஆரம்பிக்கும்?" என்பாள். எழுதி எழுதியே எல்லாவற்றையும் கையில் ஏற்றி வைத்திருந்தாள். கை போனதும் பாடமும் கூடவே போயிருந்தது. ஒரு பதிலை எதிரில் இருப்பவருக்கு வாயால் சொல்ல அவளை யாரும் பழக்கியதில்லை. யாரும் என்றால், அவள் அம்மாதான் பழக்கியிருக்க வேண்டும்.

டீச்சர் மற்றப் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினாள். காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். ல, ள, ழ மூன்றுக்கும் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு பல்லுக்குப் பின்னால் தொட்டால் ல. மடிந்து மேலே தொட்டால் ள. மடிந்தும் எங்கேயும் தொடாமல் நின்றால் ழ. சுண்டு கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துப் பார்த்தாள். ஒருநாள் சரியாக வந்தது மறுநாள் காலை தவறாக வந்தது. டீச்சர் பொறுமையாகத்தான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது குரல் தெருவுக்குக் கேட்கும். "இத்தனை நாளா என்னதான் பண்ணிட்டு இருந்த நீ?" என்று ஒருநாள் கத்திவிட்டு, அவள் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது தன்னுடைய வாசலில்தான் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் கரைந்துகொண்டிருந்தார். வேனை விடாமல் ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்து, பிறகுதான் கதவைச் சாத்தினார். பிள்ளைகள் தாமதமாகப் பள்ளிக்குப் போனார்கள். புகார் வந்தது. வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். மகள் இருக்கும் அறைக்குள் கால் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் அழுதபோது, "வலிக்கலப்பா," என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. மகள் ஒரு வார்த்தை அவரைத் திட்டவும் இல்லை. திட்டெல்லாம் சுண்டுவுக்குத்தான் போயிற்று.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம், சுண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதியதில் பாதி வாக்கியங்கள் காணாமல் போயிருந்தன. மகள் இடது கையால் அந்தத் தாளைத் தட்டிவிட்டாள்.

"மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? நான் வாய் வலிக்கச் சொல்றேன், நீ பாதியை முழுங்கிட்டு உக்காந்திருக்க. உன்னால நான் பெயிலாகப் போறேன். அம்மா, நான் எழுதல. அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். இவளைப் போகச் சொல்லு."

சுண்டு தலையைக் குனிந்துகொண்டு பேனா முனையைத் துடைத்தாள். டீச்சர் தாளைப் பொறுக்கி எடுத்தாள். அடுத்த வருஷம் எழுதினால் என்ன என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார்.

"பாப்பா, அவளைத் திட்டாத. நீ திட்ட வேண்டியது என்னை."

"நான் யாரையும் திட்டல."

"கதவை மூடினது அவ இல்ல. நான்தான்."

மகளின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமா, நீதான் மூடின. திரும்பிப் பாத்தியா? ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தியா? ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரையும் கண்ணாடியில எண்ணுவ. என்னை மட்டும் எண்ண மாட்ட. நான் உன் பொண்ணு, எங்க நின்னாலும் சரியா நிப்பேன்னு நினைச்சுட்ட. ஆஸ்பத்திரியில நீ முதல்ல அழுதுட்ட. அதனால நான் அழ முடியாமப் போச்சு. வலிக்கலன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்கு வலிச்சுதுப்பா. இப்பவும் வலிக்குது. நீ அடுப்படியில நின்னு சாப்பிட்டா என் விரல் சரியாயிடுமா?"

டிரைவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். கடைசியில் குரல் உடைந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். டீச்சர் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அக்கா," என்றாள் சுண்டு மெதுவாக. "எண்ணுவன்னு சொன்னீங்களே, அதுக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முன்னால் ஒரு தாள் நிறைய எழுதியிருந்தது.

"என்னடி பண்ணிட்டு இருக்க?" என்றாள் டீச்சர்.

"அக்கா சொல்லச் சொல்ல நிறுத்தாம எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க?"

டீச்சர் தாளை வாங்கினாள். பிழைகள் இருந்தன. அழுதுட்ட என்பது அலுதுட்ட என்றிருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் விடுபடவில்லை. அந்த வேகத்துக்கு டீச்சரே எழுதியிருந்தாலும் திணறியிருப்பாள்.

"இதை மட்டும் எப்படி முழுசா எழுதின?"

"இது புரிஞ்சுது டீச்சர். அக்கா இப்பப் பேசினாங்க. மத்த நேரம் ஒப்பிப்பாங்க. ஒப்பிச்சா எனக்கு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியாது."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூணு சுழி," என்றாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கையில் இருந்தது இரண்டே வாரம். ஆனால் வழி மாறியது. மகள் முதலில் பாடத்தைச் சுண்டுவிடம் கதை சொல்வது போலச் சொல்வாள். அந்தக் கழகம் எதற்காகத் தொடங்கினார்கள், யார் கோபப்பட்டார்கள், இடி இடிப்பதற்கு முன்னால் மின்னல் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது என்று. "அப்படியா?" என்று சுண்டு கேட்பாள். கேட்ட பிறகுதான் எழுத்து. சொல்லிப் பார்க்கும்போதுதான் மகளுக்கே எது புரிந்தது, எது வெறுமனே கையில் ஒட்டியிருந்தது என்று தெரிந்தது. புரியாமல் ஒட்டியிருந்ததுதான் அதிகம். அதையெல்லாம் அம்மாவும் மகளும் முதலிலிருந்து படித்தார்கள். பயம் வேறு. இரவு படுத்தால் டீச்சருக்குக் கண்ணுக்குள் பல்லிகளாக ஓடின.

தேர்வு தொடங்கியது. தனி அறை என்பது ஆய்வுக்கூடத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. கண்காணிப்பாளர் கறாரானவர். எழுதுகிற பிள்ளை கேள்வியே கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சுண்டுவால் கேட்க முடியவில்லை. அதனால் அவள் அக்காவின் வாயையே பார்த்தாள். அக்காவும் ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டிச் சொன்னாள். வெளியே வரும்போது ஒருத்திக்குத் தாடை வலி, ஒருத்திக்கு மணிக்கட்டு வலி.

அறிவியல் தேர்வு முடிந்து வந்தபோது மகள் கேட்டாள், "ஒளிக்கு எந்த ளி போட்ட?"

"நீங்க நாக்கை மடிச்சீங்க. மடிச்சதைத்தான் போட்டேன்."

டீச்சர் அன்று முதல் தடவையாக ஒரு வேளைச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள். மிச்சம் இருந்தது கணக்கு ஒன்றுதான்.

கணக்குத் தேர்வு அன்று காலை, டிரைவர் மூவரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். உள்ளே நுழையும்போதே டீச்சருக்கு ஏதோ உறுத்தியது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கையில் பரிட்சை அட்டையோடு எதிர்க் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு டீ கொடுத்த வீட்டுப் பெண்ணும் அதில் இருந்தாள்.

"உங்களுக்கு மதியம்தான பரிட்சை?"

"வெயில்னு காலைக்கு மாத்திட்டாங்க டீச்சர். நேத்தே சொல்லிட்டாங்களே. மொழிப்பாடம்."

மகள் முன்னால் போய்விட்டாள். டீச்சர் சுண்டுவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்னை அங்க போகச் சொல்லிடுவீங்க. அப்புறம் அக்கா என்ன பண்ணுவாங்க? நான் எழுதினாலும் பெயில்தான டீச்சர். அக்கா எழுதினா பாஸ்."

டீச்சர் அலுவலகத்துக்கு ஓடினாள். தலைமையாசிரியை வினாத்தாள் கட்டோடு உள்ளே போய்விட்டார், தேர்வு முடியாமல் வரமாட்டார் என்றார் எழுத்தர். வேறு பிள்ளையை எழுத வைக்கலாமா என்று கேட்டாள். பெயர் பதிந்த பிள்ளைதான் எழுத முடியும் என்றார். சரி, ஒன்பதாம் வகுப்பில் வராதவர்களுக்குப் பிறகு ஒரு நாள் வைப்பீர்களா என்றாள்.

"உடம்பு சரியில்லாதவங்களுக்கு மட்டும்தான்மா. அதுக்கும் டாக்டர் சர்டிபிகேட் வேணும். இல்லன்னா அடுத்த வருஷமும் அதே வகுப்புதான்."

முதல் மணி அடித்தது. டீச்சர் வெளியே வந்தாள். சுண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவளிடம் அங்கே போ என்று சொல்ல ஒரு விநாடி போதும். டீச்சர் சொல்லவில்லை. சுண்டுவின் மணிக்கட்டைப் பிடித்து, "வா," என்று ஆய்வுக்கூடப் பக்கம் நடந்தாள். அந்தக் கை அவள் பிடிக்குள் எதிர்க்காமல் வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் நடந்தாள்.

அறை வாசலில் மகள் காத்திருந்தாள். எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள், சுண்டுவைப் பார்த்தாள்.

"இவ கிளாஸ் பொண்ணுங்க ஏன் பரிட்சைக்குப் போறாங்க?"

டீச்சர் சுண்டுவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா இவளை இங்க கூட்டிட்டு வர?"

"ஒரு வருஷம்தான பாப்பா," என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "உனக்கு வாழ்க்கையே இதுல இருக்கு. அவ எப்படியும்..." மேலே சொல்ல முடியவில்லை. சொல்ல வந்தது என்ன என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மகள் அம்மாவை விட்டுவிட்டுச் சுண்டுவிடம் திரும்பினாள்.

"நீ போ."

"அக்கா, நான் வேணா..."

"நீ உள்ள வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். பரிட்சை முடியிற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பேன். நீ என்னத்தை எழுதுவ? போ சுண்டு. ஓடு."

சுண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் கை தானாகப் பிடியை விட்டது. பிள்ளை அழுதுகொண்டே மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடியது. அட்டை கூட இல்லை. டீச்சருக்கு அப்போதுதான் சுரணை வந்தது. மகளின் பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, அவள் பின்னால் ஓடிப் போய்க் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மகள் கண்காணிப்பாளரிடம் இன்னொரு பேனா கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேன் நிழலில் டிரைவர் காத்திருந்தார். டீச்சர் போய் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். தான் சொன்னதையும் விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க பாக்காம செஞ்சீங்க," என்றாள். "நான் பாத்துக்கிட்டே செஞ்சேன்."

"பதட்டத்துல சொன்னது," என்றார் அவர்.

"இல்ல. யோசிச்சுத்தான் சொன்னேன்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

மகள் கடைசி மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தாள். இடது கை முழுக்க மை. சட்டைக் கையிலும் மை. "தெரிஞ்ச கணக்குதான் எல்லாமே," என்றாள். "நாலு முழுசாப் போட்டேன். கோடு போட்டா கோணிக்கிட்டுப் போகுது. நேரம் ஓடிப் போச்சு." பிறகு வேனுக்குள் ஏறி, கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டாள். அம்மாவோடு அவள் பேச மூன்று நாள் ஆயிற்று.

முடிவு வந்தபோது மற்றப் பாடங்களில் அவள் நன்றாகவே வாங்கியிருந்தாள். கணக்கில் பெயில். டீச்சர் பொண்ணே பெயில் என்று தெருவில் பேச்சு கிளம்ப ஒரு பொழுது கூட ஆகவில்லை. டீ கொடுத்த அம்மா பெண்ணை வேறு டியூஷனுக்கு மாற்றினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் மாற்றினார்கள். சாயங்காலம் முன்னறையில் இடம் தாராளமாக இருந்தது.

சுண்டு மொழிப்பாடத்தில் மட்டும், மயிரிழையில், பாஸாகியிருந்தாள். மற்றவற்றில் தேறவில்லை. அவளுடைய அம்மா பேக்கரி உடையோடு போய்த் தலைமையாசிரியை முன்னால் நின்று அழுது, டீச்சரும் கூடப் போய் நின்று, மேலே அனுப்பச் சம்மதம் வாங்கினார்கள். "அடுத்த வருஷம் இந்தப் பிள்ளை பெயிலானா உங்களைத்தான் கேப்பேன்," என்றார் தலைமையாசிரியை டீச்சரிடம். டீச்சர் தலையாட்டினாள்.

விடுமுறையில் வைத்த துணைத்தேர்வில் சுண்டுவே வந்து கணக்கை எழுதினாள். எண்களில் சுழித் தொல்லை இல்லை என்று அவளுக்கு ஏக சந்தோஷம். மகள் தேறினாள். ஆனால் அதற்குள் அவள் ஆசைப்பட்ட அறிவியல் பிரிவில் இடம் தீர்ந்துபோயிருந்தது. கணக்குப்பதிவியல் பிரிவில் சேர்ந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் நடுவிரல் முழுதாக மடங்கவில்லை. மெதுவாக எழுதுகிறாள். பிறருக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் மட்டும் வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதற்கு மார்க் கிடையாது.

டீச்சர் இப்போது போர்டில் அதிகம் எழுதுவதில்லை. மிஞ்சியிருக்கும் சில பிள்ளைகளை வாயால் சொல்ல வைக்கிறாள். சொல்லி முடித்த பிறகே எழுதச் சொல்கிறாள். இது மெதுவான வேலை. இப்படிச் செய்தால் பரிட்சைக்குள் பாடம் முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொள்கிறாள்.

சுண்டு செருப்புப் பக்கத்திலிருந்து எழுந்து முன்னால் வந்து உட்காருகிறாள். ஒரு பத்தியை வாசிக்க அவளுக்கு, மற்றவர்கள் இரண்டு பக்கம் வாசிக்கிற நேரம் ஆகிறது. சில சொற்களில் முட்டி நின்றுவிடுகிறாள். டீச்சர் எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கிறாள். கை பரபரக்கிறது, ஆனாலும் காத்திருக்கிறாள்.

நேற்று ஒரு சொல்லில் நின்றவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் பாஸாயிடுவேனா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளிடம் எல்லாம், கண்டிப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி வந்தவள் அவள்.

"தெரியல சுண்டு," என்றாள். "அந்தச் சொல்லை மறுபடி பாரு. நாக்கு எங்க தொடுது?"

சுண்டு புத்தகத்தைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.